மலையேறிய அடைக்கோழி

மட்டாஞ்சேரிச் சந்தைக்கு விற்க இறங்கிய கோழி மறுபடி மலையேறக் கூடாது. ராசப்பன் வீட்டு வழக்கம் அது. விற்காததை அங்கேயே அறுத்துத் தின்றுவிட்டு வெறுங்கூடையோடு ஜீப் ஏற வேண்டும். எந்தெந்த ஊர்க் கோழியோடோ அடைந்து கிடந்தது வீட்டுக் கூட்டுக்கு ஆகாது.

போன வாரம் அவனே அதை மீறினான். மனைவி மாடத்தி அடைக்கு வைத்திருந்த புள்ளிக்கோழி தவறிக் கூடைக்குள் போய்விட்டது. அவள் போனில் விடாமல் புலம்பினாள். கோழிக்கடை அனூப்பின் கொட்டகையில், கீழ்நாட்டு வாத்துகளோடு ஒரு ராத்திரி அடைத்துவைத்து, மறுநாள் மடியில் வைத்தே கொண்டுபோய்ச் சேர்த்தான். மாடத்தி அன்றைக்கே அதை முட்டை மேல் உட்கார வைத்தாள்.

இன்று காலை அனூப்பின் கடை முன்னால் கூடைகளை இறக்கி, ஆட்டுக்கடாவைக் கம்பத்தில் கட்டும்போது போன் வந்தது. புள்ளிக்கோழி முட்டை மேலேயே செத்துக் கிடக்கிறதாம். தலை வீங்கி, கொண்டை நீலம் பாரித்திருக்கிறதாம். சேவலும் சோர்ந்து விழுகிறது என்றாள் மாடத்தி.

"கூட்டை ஒட்டித்தானே சினைமாடு நிக்குது. அதுக்கும் தொத்துமாங்க?"

அவனுக்குத் தெரியவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிவிட்டுக் கூடைக்குள் பார்த்தான். ஒரு விடைக்கோழி கண்ணை மூடி நின்றது.

அனூப் வந்து எட்டிப் பார்த்தான். "எந்தா அண்ணா, உங்க கோழி நேத்து செகண்ட் ஷோ போச்சா? நின்னுட்டே உறங்குது." கல்யாண வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று கூடைக்குக் கை நீட்டினான். ராசப்பன் மூடி மேல் காலை வைத்தான். போன வார வாத்துகள் என்ன ஆயின என்று கேட்டான்.

அனூப்பின் சிரிப்பு போயிற்று. "கொஞ்சம் செத்துச்சு. வெயில் சூடாக்கும்னு நெனச்சேன்."

இது பறவைக் காய்ச்சல்தான் என்று ராசப்பனுக்குப் புரிந்தது. மிருக ஆஸ்பத்திரிக்குச் சொன்னால் வருவார்கள். கோழி மட்டும் இல்லை, சுற்றுவட்டத்தில் இறகு முளைத்த எல்லாவற்றையும் கொன்று எரிப்பார்கள். பக்கத்துத் தோட்டத்து அங்கம்மாள் முட்டை விற்றுத்தான் சாப்பிடுகிறாள். மாடத்தியிடமே கேட்போம் என்று போன் போட்டான். செத்ததைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் என்ன என்றாள் அவள். அவனுக்கும் அந்த நினைப்பு வந்திருந்தது.

"முட்டைய என்ன செஞ்ச?"

முட்டைகள் அங்கம்மாளுடையவை. பொரிக்கிற குஞ்சில் பாதி அவளுக்கு, பாதி அடைக்கோழிக்காரிக்கு.

"சூடு ஆறலைன்னு அங்கம்மா மதினி மடியில அள்ளிட்டுப் போயிட்டா. அவ கோழிக்கு அடியில வச்சிட்டா."

"அவளுக்கு விவரம் தெரியுமா?"

"எப்படிங்க சொல்றது?"

ராசப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அங்கம்மாள் வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கோழியை எந்நேரமும் தூக்கிக்கொண்டு திரிகிறவர்கள்.

"மாடத்தி, நீ போய்ச் சொல்லிரு. ஏசுனா வாங்கிக்க. பிள்ளைகளக் கூட்டுப் பக்கம் விடாதீங்க. நான் டாக்டர்கிட்டச் சொல்லுறேன்."

மிருக ஆஸ்பத்திரி டாக்டர் போனில் முதலில் கேட்டது, எத்தனை வீடு என்று. ஒன்று என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்தி, இரண்டு என்றான். கூடையைத் திறக்க வேண்டாம், யாரும் தொட வேண்டாம், ஆள் அனுப்புகிறோம், அங்கேயே இருங்கள் என்றார்.

அனூப் கடைக் கதவைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தான். ராசப்பன் மூடியிலிருந்து காலை எடுக்கவில்லை. போன் மறுபடி அடித்தது. அங்கம்மாளின் நம்பர்.