வீடு தெரிந்த பம்பர்

வாடகைக் கார் ஓட்டுநர் காணாமல் போன மூன்றாம் ஆண்டில், ஒரு நண்பகல் நேரத்தில், ஆளில்லாத வெள்ளைக் கார் ஒன்று தானாக ஓடி வந்து அவர் வீட்டு வாசலில் நின்றது. தெருமுனையில் இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்பியது. எதிரே வந்த தண்ணீர் லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டது. வாசலுக்கு வந்ததும் சின்னதாக இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு எஞ்சினை அணைத்துக்கொண்டது. கார் கண் டாக்டருடையது. அவர் யாரோ ஒருவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து துரத்தி வந்து, ஹேண்ட் பிரேக்கைச் சரியாகப் போடாமல் விட்டுவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓட்டிப் போனார். அவருடைய மருத்துவமனைக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே நாலைந்து திருப்பமும் ஒரு மேடும் இருக்கின்றன என்பதை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டுநரின் மனைவி மட்டும் ஈரக் கையோடு வாசலிலேயே நெடுநேரம் நின்றாள். மதியம் சாப்பிட வரும்போது அவள் புருஷன் அப்படித்தான் இரண்டு முறை ஹாரன் அடிப்பார்.

அவளுடைய தம்பிக்கு ஊரில் பசை என்று பெயர். அவனுக்கு அந்தப் பெயர் சுத்தமாகப் பிடிக்காது. காரில் உடைந்த பிளாஸ்டிக்கை ஒட்டுவது அவன் தொழில் என்றாலும், பிறந்ததிலிருந்து ஒரு சொட்டுப் பசையை அவன் தொட்டதில்லை. பசை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்பான். உடைந்த இரண்டு முனைகளையும் சூடான இரும்பால் உருக்கி, நடுவே மெல்லிய கம்பி வலையைப் பதித்து, மேலே அதே இன பிளாஸ்டிக்கைக் கீற்றாக உருக்கி ஊற்றி, ஆறியதும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் உடைந்த இடம் எது என்று உடைத்தவனுக்கே தெரியாது. பம்பர், ஹெட்லைட்டைப் பிடித்து நிறுத்தும் காது, கண்ணாடிக் கூடு, ஏசி காற்று வரும் சட்டம் என்று ஊரில் உடைவதெல்லாம் கடைசியில் அவன் கொட்டகைக்குத்தான் வரும். ஒரு சின்னத் துண்டைக் கொளுத்தி மோந்து பார்த்தே அது எந்த இனம் என்று சொல்லிவிடுவான். ஒட்டுவதற்கான கீற்றை அதே உறுப்பின் உள்விளிம்பில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் சீவி எடுக்க வேண்டும் என்பது அவன் தொழிலின் சட்டம். அதை அவன் ஒரே ஒரு முறைதான் மீறினான். ஒரு முறை மீறிய பிறகு, வழக்கம்போல, கை பழகிவிட்டது.

மீறியதற்குக் காரணம் நகராட்சி. ஒரே வாரத்தில் ஊர் முழுக்க வேகத்தடை போட்டார்கள். ஒவ்வொன்றும் படுத்த எருமை உயரம். காரின் மூக்கெல்லாம் உடைந்து கொட்டகையில் நிற்க இடமில்லாமல் போனது. கண் டாக்டரின் பம்பரில் அடி விளிம்பே தரையோடு போய்விட்டதால் சீவ இடமில்லை. டாக்டரோ பக்கத்திலேயே நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். பசை சுவரை நிமிர்ந்து பார்த்தான். ஆணியில் மாமாவின் பம்பர் தொங்கியது. மாமா என்றால் அக்காவின் கணவர், காணாமல் போனவர். காணாமல் போன அன்று பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மூக்கை இடித்தபடி அவர் ஓட்டிய வாடகைக் கார் நின்றது, அவர் இல்லை. காரை முதலாளி எடுத்துக்கொண்டு புது பம்பர் மாட்டிவிட்டார். பழையதை அக்கா தூக்கி வந்து, "அவரு வந்து கேட்டா என்னடா சொல்றது, பத்திரமா வை" என்று தம்பியிடம் கொடுத்திருந்தாள். அதன் உள்விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு கீற்று சீவினால் யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்று பசை நினைத்தான்.

குறைந்தது. கண் டாக்டரின் காரைத் தொடர்ந்து ஸ்டுடியோக்காரரின் கார் வந்தது. பிறகு மாவு மில்காரரின் வேன், நீச்சல் சொல்லித்தருபவரின் சிவப்புக் கார், அந்தப் பம்பரின் கீற்று விழுந்த வண்டிகள் எல்லாம் வரிசையாக. மதியம் ஆனால் போதும், நிறுத்திய இடத்திலிருந்து கிளம்பி அக்கா வீட்டு வாசலுக்கு வந்துவிடும். ஒரு நாள் பள்ளி வேன் உள்ளே பிள்ளைகளோடு வந்தது; பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், தலைமையாசிரியைக்கு மயக்கம். அபராதம் போட வந்த போக்குவரத்துக் காவலர் யார் பெயரில் போடுவது என்று தெரியாமல் விழித்து, கடைசியில் வண்டிகளைப் பார்த்து, கொஞ்சம் ஒழுங்காக நில்லுங்கள் என்றார். அவை ஒழுங்காக நின்றன. மாதம் இரண்டு ஆனதும் ஊர் பழகிவிட்டது. கார் வைத்திருப்பவர்கள் மதியச் சாப்பாடு முடிந்ததும் பல் குத்திக்கொண்டே நடந்து வந்து அவரவர் வண்டியை எடுத்துப் போனார்கள். வழியில் இரண்டு பேர் சந்தித்துப் பழைய பகையை மறந்த கதையும் உண்டு.

அக்காவுக்குத்தான் அது வேடிக்கையாக இல்லை. ஹாரன் கேட்ட நொடி அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவாள். ஒவ்வொரு வண்டியாகக் கதவைத் திறந்து, ஓட்டுநர் இருக்கையில் கை வைத்துப் பார்ப்பாள். "சூடா இருக்குடா, இப்பத்தான் எழுந்து போயிருக்காரு" என்று தம்பிக்கு போன் செய்வாள். வெயிலில் நிற்கிற எந்தக் காரின் இருக்கையும் சூடாகத்தான் இருக்கும். அதை அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பல் டாக்டரிடம் அவளுக்கு நல்ல வேலை இருந்தது. அவள் இல்லாமல் அங்கே ஒரு நோயாளியும் வாயைத் திறக்க மாட்டார் என்று பெயர். மதியத்தில் வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக அந்த வேலையை விட்டுவிட்டாள். தலையை ஒழுங்காக வாரிக்கொண்டாள். மூன்று வருடமாகச் சுவர் ஓரம் நின்ற அவருடைய செருப்பைத் துடைத்து வாசலில் வைத்தாள். அவள் முகம் தெளியத் தெளியப் பசை அந்தத் தெருப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டான். தான் சீவிய கீற்றுதான் அவளை இப்படி அலைக்கழிக்கிறது என்பது மட்டும் அல்ல காரணம்.

அவனுக்கு இன்னொன்றும் தெரியும். மாமாவின் கார் கிடைத்த அன்று பாலத்தில் கூடியவர்கள் எல்லாரும் நல்ல வேகத்தில் இடித்திருக்கிறது என்றார்கள். ஆள் தூக்கி எறியப்பட்டு ஆற்றில் விழுந்திருப்பார் என்றார்கள். படகு விட்டுத் தேடினார்கள். பசை குனிந்து பம்பரின் இடது மூலையைப் பார்த்தான். அது வெளுத்துப் போயிருந்தது. வேகமாக இடிபட்ட பிளாஸ்டிக் வெளுக்காது, படீரென்று முறிந்துவிடும். முறிந்த வாய் சுத்தமாக இருக்கும். மெதுவாக அழுந்தி, வளைந்து, தாங்காமல் கிழிந்தால்தான் அந்த வெளுப்பு வரும். ஒரு குழந்தை தள்ளிவிட்ட வேகத்தில்தான் அந்தக் கார் சுவரைத் தொட்டிருக்கிறது. யாரும் எங்கேயும் தூக்கி எறியப்படவில்லை. இதை நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். பிறகு, அக்கா கொஞ்சம் தேறட்டும் என்று நினைத்தான். அப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

ஒரு நாள் காலையில் அக்கா கொட்டகைக்கு வந்தாள். நேரே சுவரிடம் போய் ஆணியிலிருந்து பம்பரை இறக்கி, எடை பார்ப்பதுபோலக் கையில் தூக்கிப் பிடித்தாள்.

"என்னடா, உங்க மாமா இப்படி இளைச்சுப் போயிட்டாரு?"

பசை கையிலிருந்த சூடான இரும்பைக் கீழே வைத்தான். எல்லாவற்றையும் சொன்னான், அந்த வெளுப்பை மட்டும் சொல்லவில்லை. அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ பம்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இது பூராவும் வீட்டுக்கு வர்ற வழிதான் தெரிஞ்சு வச்சிருக்கு."

"ஆமாக்கா."

"இந்த உடைஞ்ச மூலைக்கு என்ன தெரியும்?"

"அது வேணாங்க்கா. விடு."

"ஒட்டு. நான் ஏறிப் போய்ப் பாக்கறேன்."

கெஞ்சிப் பார்த்தான், எரிந்து விழுந்தும் பார்த்தான். அக்கா பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டு அசையவில்லை. ஊர் பம்பரையெல்லாம் ஒட்டுகிறவனின் சொந்தக் கார் வருடக்கணக்காக மூக்கு இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கே மாமாவின் பம்பரில் மிச்சம் இருந்ததைப் பொருத்தி, வெளுத்த மூலையைச் சூடு காட்டி நேராக்கி, கிழிந்த வாயை உருக்கிச் சேர்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒட்டு கோணலாக வந்தது.

இருவரும் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார்கள். முன்னால் உட்கார இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. மதியம் மற்ற வண்டிகள் அக்கா வீட்டுக்குக் கிளம்பிய அதே நேரத்தில் இந்தக் கார் எதிர்த் திசையில் கிளம்பியது. உள் கண்ணாடி தன்னைக் கொஞ்சம் கீழே சாய்த்துச் சரிசெய்துகொண்டது. மாமா குள்ளம். கடைத்தெருவில் பை விற்கும் கடை முன்னால் கார் சிறிது நேரம் நின்றது. பின்பக்க மூடி திறந்து மூடிக்கொண்டது. அக்கா அந்தக் கடையில் தொங்கிய பயணப் பைகளை எட்டிப் பார்த்தாள். ஆற்றோரச் சாலையில் கார் நிதானமாக, ஒரு பள்ளத்தில்கூட இறங்காமல் போனது. அவசரமே இல்லாத ஓட்டம்.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், சரிவு தொடங்கும் இடத்தில், கார் நின்றது. ஓட்டுநர் பக்கக் கதவு திறந்தது. அமுங்கியிருந்த இருக்கை மெல்ல மேலே எழும்பியது. பின்பக்க மூடி மறுபடி திறந்து மூடியது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. யாரோ வெளியே நின்று யோசித்திருக்க வேண்டும். அக்கா அந்த நேரம் முழுவதும் திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹேண்ட் பிரேக் தானாக இறங்கியது. கதவு, வீட்டில் தூங்குகிறவர்களை எழுப்பிவிடாமல் சாத்துவதுபோல, சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. கார் சரிவில் உருண்டு போய்க் கைப்பிடிச் சுவரில் முட்டி நின்றது. அக்காவின் மடியில் இருந்த கைப்பைகூடக் கீழே விழவில்லை.

இருவரும் இறங்கினார்கள். இடது மூலை மறுபடி கிழிந்து, விளிம்பு நெடுக வெளுத்திருந்தது. அக்கா அதன்மேல் விரலை ஓட்டினாள்.

"வேகமா இடிச்சா இப்படி வெளுக்குமா?"

"வெளுக்காதுக்கா."

"அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

"ஆமா."

"நீ பாத்தே."

"பாத்தேன்க்கா."

அவள் பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் போகும் சாலையைப் பார்த்தாள். நேரான, அகலமான, பேருந்துகள் நிற்காமல் போகும் சாலை. "செத்துட்டாரோன்னு நான் எத்தனை நாள் ஆத்தங்கரையில வந்து உக்காந்திருக்கேன்டா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தம்பிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவனை அங்கேயே விட்டுவிட்டு வெயிலில் தனியாக வீட்டுக்கு நடந்து போனாள். மழைக்காலம் வந்து முடியும்வரை அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் போன் செய்தால் எடுத்து, கேட்டுவிட்டு, வைத்துவிடுவாள். அந்த நாட்களில் பசை ஒழுங்காகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. எந்த பம்பரைத் தொட்டாலும் முதலில் அதன் மூலை வெளுத்திருக்கிறதா என்று பார்த்தான்.

வண்டிகளோ எப்போதும்போல மதியத்தில் போய் நின்றன. அக்கா ஓடி வருவதை நிறுத்திவிட்டாள் என்று அந்தத் தெருவில் சொன்னார்கள். மில்காரரின் வேனை எடுத்துக்கொண்டு ஒரு மைதானத்தில் வண்டி ஓட்டப் பழகுகிறாள் என்றும் சொன்னார்கள். நீச்சல் சொல்லித்தருபவர்தான் கிளட்சையும் சொல்லிக்கொடுத்தாராம். பல் டாக்டர் அவளை மதிய வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார், நோயாளிகள் வாய் திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது பசை கொட்டகைக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தான்.

ஒரு நாள் கண் டாக்டரின் வெள்ளைக் கார் கொட்டகை வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து அக்கா இறங்கினாள். பம்பரில் ஒட்டின் ஓரம் லேசாகப் பிரிந்திருந்தது.

"ஒட்டு விட்டுருக்கு, பாரு" என்றாள், நேற்றுத்தான் பேசிவிட்டுப் போனவள்போல.

பசை அவசரமாகக் குனிந்தான். மாமாவின் கீற்று பாதி எழும்பி நின்றது. நகத்தால் நெம்பினாலே முழுதும் வந்துவிடும். "எடுத்துடறேன்க்கா. எல்லா வண்டியிலருந்தும் எடுத்துடறேன். இனிமே ஒண்ணுகூட உன் வாசல்ல வந்து நிக்காது" என்றான்.

"ஐயோ, எடுத்துக்கிடுத்து வைக்காதடா" என்று அக்கா மணியைப் பார்த்தாள். "அது மேலயே போட்டு இறுக்கமா ஒட்டு. வேலைக்குப் போற நேரத்துக்குத் தெனம் ஒரு வண்டி வாசல்லயே வந்து நிக்குது. எனக்கு எவ்வளவு வசதியா இருக்கு தெரியுமா?"