எட்டு வாட்ஸ் மாப்பிள்ளை

மருதமுனை மசூரிடம் இருக்கும் வால்வ் அம்ப்ளிபயரைப் போல ஓர் அழகான சாமான் கல்முனைக் கரையோரத்தில் வேறு எவரிடமும் இல்லை. இதைச் சொல்ல மசூரின் கூட்டாளியாக இருக்க வேண்டியதில்லை, இரண்டு கண் இருந்தால் போதும். தடித்த இரும்புத் தகட்டின் மேல் ஐந்து கண்ணாடி வால்வுகள், அவற்றுக்குப் பின்னால் செங்கல்லைப் போலக் கனக்கும் மூன்று கறுப்பு ட்ரான்ஸ்போமர்கள். மின் ஆளியைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் கண்ணாடிக்குள் செம்மஞ்சள் வெளிச்சம் மெல்ல ஊறி வரும். பதுளைப் பக்கம் ஒரு தோட்ட பங்களாவைக் காலி பண்ணியபோது பழைய சாமான் கடைக்கு வந்து கிடந்ததை, கண்ட மாத்திரத்திலேயே கட்டிப் பிடிக்காத குறையாகத் தூக்கி வந்துவிட்டான்.

எல்லாம் சரி. பாட்டுத்தான் வரமாட்டேன் என்றது. கொழும்பில் வாங்கிய, ஒல்லியாக, மினுக்கமாக இருந்த அவனுடைய இரண்டு ஸ்பீக்கர் பொக்ஸுகளிலும் அதைக் கொளுவினால், மெதுவாக வைத்தபோது பாடுகிறவருக்குத் தடிமல் பிடித்ததுபோல இருந்தது. கூட்டி வைத்தால் கிறீச்சிட்டது. வால்வுகளை இரண்டு முறை மாற்றிப் பார்த்தான். வயரை மாற்றினான். மேசையைக்கூட மாற்றிப் பார்த்தான், பாவம்.

மற்றவர்களுக்கு இது ஒரு விளையாட்டு. மசூருக்கு அப்படியில்லை, காரணம் அவன் மனைவி றிஸ்னா.

இருபது வருடங்களுக்கு முன், ஊர் வழக்கப்படி மாப்பிள்ளையாக றிஸ்னாவின் வீட்டுக்கே குடிவந்தபோது, மசூர் கையில் ஒரு கசட் ரேடியோவைத் தூக்கிக்கொண்டுதான் வந்தான். பார்த்த சனமெல்லாம் சிரித்தது. றிஸ்னா சிரிக்கவில்லை, கசட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அன்றிலிருந்து கடையைப் பூட்டிவிட்டு அவன் வந்ததும், இருவரும் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பாட்டுக் கேட்பார்கள். பெரிய கதை ஒன்றும் கதைக்க மாட்டார்கள். பிள்ளை இல்லாத குறையைக்கூட அந்த நேரத்தில் இருவரும் மறந்திருந்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் றிஸ்னாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, காதில் ஒரு கோளாறை விட்டுவிட்டுப் போனது. பீங்கான் கோப்பை முட்டினால் போதும், ஊசியால் குத்தியதுபோல முகம் சுருங்கிவிடும். காது டொக்டர் பார்த்துவிட்டு, நரம்பு இப்படித்தான் இருக்கும், மெல்ல மெல்லப் பழகட்டும், பொறுமை வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அவள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வாழப் பழகினாள். மசூர் பாட்டைப் போட்டால் ஒன்றும் சொல்ல மாட்டாள். பேசாமல் எழும்பிப் பின்வளவுக்குப் போய்விடுவாள். அப்படி எழும்பிப் போவதுதான் அவனுக்குப் பொறுக்க முடியவில்லை. தனியே கேட்பதும் ஒரு பாட்டா?

அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். ஒரே ஒரு பாட்டு முடியும் வரைக்கும் றிஸ்னா எழும்பாமல் பக்கத்தில் இருக்க வேண்டும். வால்வ் அம்ப்ளிபயரின் சத்தம் காதைக் குத்தாது என்று எங்கோ கேள்விப்பட்டுத்தான் அதை வாங்கியிருந்தான். அதுவும் கைவிட்டுவிட்டது.

கல்முனைக் கடைத்தெருவில் மசூருக்குக் கைலிச் சாறன் விற்கும் கடை. பக்கத்துக் கடை றமீஸுக்கு அவனைச் சீண்டாவிட்டால் சோறு இறங்காது. அன்றும் வந்து வாசலில் நின்றுகொண்டு தொடங்கினான்.

"எட்டு வாட்ஸுக்கு இவ்வளவு பவுசா மச்சான்? எங்கட ஊட்டு பாத்ரூம் பல்ப் ஒம்பது வாட்ஸ்கா! என்ட ஹோம் தியேட்டரு ஆயிரம் வாட்ஸ். போட்டனெண்டா அடுத்தூட்டு ஓடு ஆடும்."

"அதாலதான் அடுத்தூட்டுக்காரன் உன்னோட கதைக்கிறல்ல," என்றான் மசூர்.

சாறன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சட்டென்று திரும்பினார். பாண்டிருப்பு அழகரெத்தினம், நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் பிடித்த சாறனை அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

"தம்பி, எட்டு வாட்ஸ் வால்வ் அம்ப்ளிபயரா? வேலை செய்யுதா?"

"செய்யுது அண்ணன். ஆனா சத்தம் வருகுதில்ல."

"அது அம்ப்ளிபயர்ர பிழையில்ல, பொக்ஸ்ட பிழை. இந்தக் காலத்துப் பொக்ஸ் எல்லாம் சரியான சாப்பாட்டு ராமன். ஒரு சாக்கரிசி திண்டுபோட்டுத்தான் ஒரு வேலை செய்யும்." அவர் முகத்தில் ஒரு பரபரப்பு வந்துவிட்டது. "என்ட ஊட்ட ரெண்டு பொக்ஸ் கிடக்கு. மூடின தியேட்டர் ஒண்டுல வாங்கின. ஒரு சொட்டுக் குடுத்தாப் போதும், மண்டபத்த நிறைக்கும். ஆனா எந்த அம்ப்ளிபயரக் கொளுவினாலும் ஸ்ஸ்ஸ் எண்டு சீறுது. பெரிய அம்ப்ளிபயர் எல்லாம் குடம் குடமா ஊத்துது, அதுகள் என்ன செய்யும்?"

மசூர் மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் வந்தான். "அண்ணன், அந்தப் பொக்ஸ ஒரு நாளைக்கு எங்கட ஊட்ட கொண்டு வருவமா?"

"எப்பிடித் தம்பி கொண்டு வாற? ஊடு கட்டக்குள்ள, கதவு நிலை வெக்க முதல் உள்ள போன சாமான். வெளிய எடுக்கிறண்டா சுவர இடிக்கணும். சுவர இடிச்சா என்ட பொஞ்சாதி கனகேஸ்வரி என்னை இடிப்பா."

ஆக, அம்ப்ளிபயர்தான் போக வேண்டும் என்று முடிவாயிற்று. ஞாயிறு பின்நேரம், மதியத் தொழுகையான ளுஹரைத் தொழுதுவிட்டு ஓட்டோவைக் கூப்பிட்டான் மசூர். பாட்டுத் தட்டுப் போடும் ரெக்கோட் பிளேயரை ஒருவர் பிடிக்க வேண்டும், அம்ப்ளிபயரை ஒருவர் பிடிக்க வேண்டும். அவன் றிஸ்னாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள்.

"நான் வாறது இதப் புடிக்கிறதுக்கு மட்டும்தான்," என்றாள் றிஸ்னா. "பாட்டுக் கேக்கிறதுக்கில்ல. தொடங்கினா நான் வெளிய போயிருவன். மறுகா முகத்தத் தூக்கி வெச்சுக்கொண்டு இரிக்கப்படா."

"சரி புள்ள, சரி."

அவள் பஞ்சை இரண்டு காதிலும் நன்றாக அடைத்து, அதற்கு மேல் ஸ்கார்பை இறுக்கிக்கொண்டு, புதுச் சாறன் ஒன்றில் சுற்றிய அம்ப்ளிபயரை மடியில் வைத்துக்கொண்டாள். கனம் தாங்க முடியவில்லை. பாண்டிருப்பு வரைக்கும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வந்தாள்.

வாசல் படலையில் நின்ற கனகேஸ்வரி அதைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன தங்கச்சி, மாப்பிள்ளைக்குப் புதுச் சாறனெல்லாம் உடுத்தி, மடியில வெச்சுக் கொண்டு வாறீங்க? பொம்புள ரெண்டு பேரும் உள்ளுக்கு நிக்காளுகள். நல்லதுதான், உங்கட பக்கமும் எங்கட பக்கமும் மாப்பிள்ளைதானே பொம்புள ஊட்டுக்கு வாற."

றிஸ்னாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, தன் காதின் கோளாறைச் சொன்னாள். "அதுக்கென்ன, நாம கிணத்தடியில போய் இரிப்பம்," என்று கனகேஸ்வரி அவளைப் பின்பக்கம் கூட்டிப் போனார்.

மணப்பெண்களான பொக்ஸுகள் இரண்டும் வீட்டு மண்டபத்தின் இரு மூலையிலும் நின்றன. யா அல்லாஹ், என்ன உருப்படி! மசூரின் தோளுக்கு வரும் உயரம். அடியில் பெரிய கூம்பு, மேலே அகன்ற வாய் வைத்த ஹோர்ன். ஒன்றின் தலையில் எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தல்கள், மற்றதன் தலையில் மடித்த போர்வைகள். அம்ப்ளிபயர்கள் எல்லாம் சின்னதாக இருந்த காலத்தில், கிடைக்கிற கொஞ்சத்தைக் கொண்டே ஆயிரம் பேருக்குக் கேட்க வைக்க வேண்டும் என்று யாரோ கெட்டிக்காரர்கள் யோசித்துச் செய்த சாமான். அந்த யோசனைக்கு ஒரு சலாம் போடத்தான் வேண்டும். அழகரெத்தினம் ஊறுகாயை ஒவ்வொரு போத்தலாக இறக்கினார்.

பொக்ஸின் முதுகில் ஒரு பித்தளைத் தகடு, அதில் 16 என்று பொறித்திருந்தது. மசூர் அம்ப்ளிபயரைத் திருப்பினான். வயர் பூட்டும் இடத்தில், பொக்ஸின் ஓம் கணக்குக்கு ஏற்றபடி பூட்டுவதற்கு 4, 8, 16 என்று மூன்று திருகு புரிகள். நாலையும் எட்டையும் திருகித் திருகி அவன் தேய்த்து வைத்திருந்தான். பதினாறு மட்டும் அதன் பழைய பூச்சுக்கூடக் கலையாமல் இருந்தது. ஒரு நாளும் அது அவனுக்குத் தேவைப்பட்டதில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இதுக்கெண்டே வெச்சிரிக்கான் தம்பி," என்றார் அழகரெத்தினம், குரல் இறங்கி.

பூட்டினார்கள். ஆளியைப் போட்டார்கள். வால்வுகள் சிவந்தன. அப்போது வந்தது பாருங்கள், ம்ம்ம்ம் என்று ஓர் இரைச்சல்! நெல் மில் ஒன்று வீட்டுக்குள் புகுந்ததுபோல. மசூர் பதறிப்போய் யன்னலால் எட்டிப் பார்த்தான். கிணற்றடியில் றிஸ்னா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாம் போச்சு, இனி இவள் இந்த வளவுக்குள் கால் வைக்க மாட்டாள் என்று நினைத்தான். ஓடிப்போய் ஆளியை நிற்பாட்டினான்.

அழகரெத்தினம் குனிந்து மேசைக்குப் பின்னால் பார்த்தார். "தம்பி, இதென்ன வால் ஒண்டு தொங்குது?"

ரெக்கோட் பிளேயரின் ஏர்த் வயர். வீட்டில் நூறு முறை பூட்டியவன், இன்று அவசரத்தில் மறந்துவிட்டான். தலையில் அடித்துக்கொண்டு அதைப் பூட்டி, பிஸ்மி சொல்லி, மறுபடி ஆளியைப் போட்டான்.

ஒன்றும் கேட்கவில்லை. இரைச்சல் இல்லை, சீறல் இல்லை. அழகரெத்தினம் ஹோர்னின் வாய்க்குள் காதை வைத்துப் பார்த்தார். "நிண்டு போச்சா?" என்று கேட்டார். வால்வுகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. இத்தனை வருடமும் சீறிக்கொண்டிருந்த பொக்ஸ் இப்படி அடங்கி நின்றதை அவர் நம்பாமல் மற்ற மூலைக்கும் போய்க் காதை வைத்தார்.

மசூர் ஒரு பழைய தட்டைப் போட்டான். றிஸ்னாவுக்குப் பிடித்த பாடகி. சத்தத்தை ஒரு நகக்கண் அளவு மட்டும் கூட்டினான்.

சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு சத்தத்தை அந்தத் தெரு கேட்டதில்லை. அதற்கு மேலால் சாதாரணமாகக் கதைக்கலாம், அவ்வளவு மெதுவு. ஆனாலும் ஒன்றும் குறையவில்லை. வயலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் விரிந்தது. தபேலாவின் இடக்கைத் தட்டு சீமெந்துத் தரையில் பாதத்துக்குத் தெரிந்தது. பாடத் தொடங்கு முன் அந்தப் பெண் ஒரு மூச்சு எடுத்தாள். அந்த மூச்சும் கேட்டது! இருபது வருடமாகக் கேட்ட பாட்டில் அப்படி ஒரு மூச்சு இருந்ததே மசூருக்குத் தெரியாது. வீட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்த அம்ப்ளிபயர், இங்கே சாப்பிட்டுவிட்டுக் கடற்கரையில் நடக்கிறவனைப் போல ஆறுதலாக வேலை செய்தது. எட்டு வாட்ஸில் அரை வாட்ஸ்கூடச் செலவாகியிருக்காது.

பின்கதவடியில் நிழல் ஒன்று விழுந்தது. மசூர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாளோ என்று பயம். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். செருப்பைக் கழற்றும் சத்தம், பிறகு கதிரை ஒன்று மெல்ல அசையும் சத்தம். ஸ்கார்புக்குள் கையை விட்டு அவள் ஒரு பக்கத்துப் பஞ்சை எடுத்தாள். கொஞ்சம் பொறுத்து மற்றதையும் எடுத்தாள். மசூர் கடைக்கண்ணால் அதைக் கண்டான்.

ஒரு பாட்டு முடிந்தது. அவள் எழும்பவில்லை. இரண்டாவதும் முடிந்தது. தட்டின் அந்தப் பக்கம் முழுதும் ஓடி முடிந்து, ஊசி தானாக எழும்பியது.

கேட்டது போதும், அல்லாஹ் கேட்டதற்கு மேலேயே தந்துவிட்டான், பேராசை கூடாது என்று நினைத்துக்கொண்டு மசூர் ஆளியில் கை வைத்தான்.

"மத்தப் பக்கத்தப் போடுங்களன்," என்றாள் றிஸ்னா.

போட்டான். வயலின் தொடங்கியது. அவள் முன்னால் சாய்ந்து கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் கூட்டுங்க."

இரண்டு வருடமாகப் பாட்டுத் தொடங்கினால் எழும்பிப் போனாளே தவிர, அதைப் பற்றி அவள் வாயில் ஒரு சொல் வந்ததில்லை. மசூரால் கையை நீட்ட முடியவில்லை. கண் நிறைந்து போய், குமிழ் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. அழகரெத்தினம்தான் எழும்பி வந்து ஒரு துளி கூட்டிவிட்டு, அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

மாலைத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொல்ல முன் புறப்பட வேண்டும். கனகேஸ்வரி தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மசூர் வயரைக் கழற்றத் தொடங்கினான்.

"என்ன கழட்டுறீங்க?" என்றாள் றிஸ்னா.

"ஊட்ட கொண்டு போகத்தானே."

"கொண்டு போய்? அந்த ரெண்டு ஒல்லிப் பொக்ஸோடயும் மல்லுக்கட்டவா? நீங்க எங்கட ஊட்டுக்கு வந்து இருவது வருஷம். ஒரு நாளாவது கிறுகித் திரும்பி உங்கட உம்மாட ஊட்டுக்கு ஓடினீங்களா? இதுவும் இஞ்சயே இரிக்கட்டும்."

மசூருக்கு மனம் கொஞ்சம் அடித்துக்கொண்டது. கடையால் வந்து தினமும் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன். ஆனாலும் புரியை மறுபடி இறுக்கிப் பூட்டினான், ரெக்கோட் பிளேயரையும் மேசையிலேயே விட்டான். "ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் வந்தாத்தான் ஆளியே போடுவன்," என்று அழகரெத்தினம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்.

"ஓம் ஓம்," என்றார் கனகேஸ்வரி. "நாளைக்கு விடியவே போடுவார், பாருங்க."

அடுத்த ஞாயிறு ளுஹர் முடிந்து மசூர் பள்ளிவாசலால் வந்தபோது ஓட்டோ வாசலில் நின்றது. கூப்பிட்டது அவனல்ல. றிஸ்னா ஏற்கனவே உள்ளே ஏறி, ஓரமாக இருந்துகொண்டு, "எவ்வளவு நேரம்கா காத்திரிக்கிற?" என்று சத்தம் போட்டாள். மடியில் பிடித்துக்கொண்டு வருவதற்கு இந்த முறை ஒன்றும் இருக்கவில்லை.