பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஜெலி

ஒரு மனிதருக்குக் குடிப்பழக்கம் இருந்தால் ஊரே அனுதாபப்படும். சீட்டாட்டம் இருந்தால் நாலு பெரியவர்கள் வந்து புத்தி சொல்வார்கள். என் அப்பாவுக்கு இருந்தது ஒரு பட்டியல். அதற்கு நான் யாரிடம் போய் அழுவது?

அப்பா கதிர்காமநாத பிள்ளைக்கு இலங்கை மலைநாட்டில், பதுளைக் கடைவீதியில் ஒரு கடை இருந்தது. தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களுக்கு வேண்டிய சீமைச் சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். அவை பண்டாரவளை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் எங்கள் கடைக்கு வந்து சேரும். டின்னும் போத்தலுமாகக் கடை நிறைந்திருக்கும். விற்பது மட்டும்தான் எங்கள் வேலை, தின்பது அல்ல. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவப் பிள்ளைமார். முட்டை வைத்திருந்த கூடையைக்கூட என் அம்மா ராமாமிர்தம் வீட்டுக்குள் விடமாட்டாள்.

ஊருக்குத் திரும்பிப் போகிற துரைமார், கடைக்காரருக்குப் பழைய கோட்டோ கடிகாரமோ கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். எங்கள் தலையெழுத்து, ஒரு துரை சீமைப் பத்திரிகையிலிருந்து கிழித்த தாள் ஒன்றை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு மனிதன் சாவதற்குள் ருசி பார்த்தே தீரவேண்டிய இருபத்தொரு பண்டங்கள் என்று அதில் போட்டிருந்தது. உலகத்தின் எட்டுத் திக்கிலிருந்தும் பொறுக்கி எடுத்தவையாம். அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாறு வருஷம் படித்தவள். ஆகவே பரிமளம் வாசிக்க வேண்டும், அப்பா கேட்க வேண்டும்.

ஆமை சூப் என்றேன். "அடி அதை" என்றார். நத்தை என்றேன். காதைப் பொத்திக்கொண்டு "அடி, அடி" என்றார். மாமிசம் என்றால் பென்சிலால் அடித்துவிடுவது என்பது எங்களுக்குள் ஏற்பாடு. மீன் முட்டை, வாத்து ஈரல் என்று பதினான்கு போயின. ஏழு மிஞ்சின. அந்த ஏழாவதில்தான் எனக்குச் சந்தேகம். ஜெலி என்றால் என்ன? கடைக்கு வந்த ஒரு துரைசாணியிடம் கேட்டேன். எலுமிச்சம்பழச் சாறும் சீனியும் சேர்த்துத் தன் சமையற்காரன் செய்வான் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதனால் அதை அடிக்காமல் விட்டேன். விட்டது நான்தான். எல்லாப் பழியையும் அப்பா தலையில் கட்டினேன் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அந்தத் தாளைக் கடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். காலையில் சூடம் காட்டும்போது முருகனுக்கு ஒரு சுற்று, பட்டியலுக்கு ஒரு சுற்று. அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அவர் தனியாக எதைத் தின்றாலும் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அப்பா அப்படிப்பட்டவர் இல்லை. "நல்லதைத் தனியாத் தின்னுறவன் மனுசனா?" என்று கேட்பார். மக்ரோனி வந்தபோது வெல்லம் போட்டுப் பாயசம் வைக்கச் சொல்லித் தெருவுக்கே கொடுத்தார். அது கூடப் பரவாயில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களை அவர் விட்டுவைத்திருக்கலாம்.

பெண் பார்க்க வருகிறவர்கள் அந்த வீட்டில் சாப்பாட்டுக்குக் கை நனைக்கமாட்டார்கள். தட்டில் வைக்கும் பலகாரத்தை மட்டும் எடுப்பார்கள். எங்கள் ஆட்களிடம் அதற்கும் ஒரு பொருள் உண்டு. பலகாரத்தைச் சாப்பிட்டால் பெண் பிடித்திருக்கிறது. தொடாமல் எழுந்தால் பிடிக்கவில்லை. வாயால் சொல்லி யாரும் மனத்தாங்கல் பட வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான், என் அப்பா மாதிரி ஒருவர் பலகாரம் வைக்காத வரைக்கும்.

முதலில் வந்தவர்களுக்கு அவர் வைத்தது சீஸ். டின்னைத் திறந்ததும் அடித்த வாடையில் கூடத்தில் நின்ற அத்தனை பேரும் தங்கள் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார்கள். யாரும் தட்டைத் தொடவில்லை. தொடாததால் பெண் பிடிக்கவில்லை என்று ஆகிவிட்டது. என்னைப் பிடித்துத்தான் இருந்தது என்று பின்னால் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அதற்குள் அப்பா ரோசப்பட்டு ஊரெல்லாம் பேசியாகிவிட்டது. இரண்டாவது வந்தவர்களுக்கு ஒலிவ் காய். மாப்பிள்ளையின் தாய்மாமன் திராட்சை என்று நினைத்து ஒன்றைக் கடித்து, நான் போட்ட கோலத்தின் மேலேயே துப்பினார். பெண் வீட்டில் பலகாரத்தைத் துப்பினால் என்ன பொருள் என்று சொல்லவும் வேண்டுமா?

மூன்றாவதாக ஒரு சம்பந்தம் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அந்தக் காலத்தில் அது முதிர்கன்னி வயது. இதுவும் தட்டிப்போனால் பெண்ணிடம் ஏதோ குறை என்று ஆகிவிடும். பிறகு எவனும் படியேறமாட்டான். மாப்பிள்ளை ஜெயராசா, பூனாகலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். அவருடைய அப்பா வடிவேல் பிள்ளைக்குப் பண்டாரவளையில் மரக்கறிக் கடை. மாப்பிள்ளையைக் கோயிலில் ஒருமுறை தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

முதல் நாளே அப்பாவைச் சுவாமி படத்துக்கு முன்னால் நிறுத்தினேன்.

"அப்பா, கேசரி, பஜ்ஜி, காப்பி. இந்த மூணைத் தவிர வேற ஒண்ணும் வரக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"சத்தியமா சீஸ் வராது. சத்தியமா ஒலிவ் காய் வராது. போதுமா?"

போதும் என்றேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இரண்டு பெயரை மட்டும் ஏன் சொல்கிறார் என்று எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். நான் கேசரித் தட்டோடு கூடத்துக்கு வந்து கும்பிட்டு நிமிர்ந்தேன். கடைப் பக்கத்துக் கதவு வழியாக அப்பா ஒரு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். வரிசையாகக் கண்ணாடிக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பாக, பளபளவென்று, அவர் நடக்க நடக்க ஆடிக்கொண்டு ஏதோ இருந்தது. கதவோரம் நின்ற அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது.

"இது என்னங்க, அசையுது?" என்று கேட்டார் வடிவேல் பிள்ளை.

"ஜெலி. சீமைப் பண்டம். சுத்த சைவம். எலுமிச்சம்பழச் சாறும் சீனியும்தான். என் மக படிச்சவ, அவளே விசாரிச்சுச் சொன்னது" என்றார் அப்பா.

வடிவேல் பிள்ளை ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணை மூடினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். அவர் கண்ணைத் திறந்து, "தொண்டையில வழுக்கிக்கிட்டு போகுதே!" என்று சிரித்துவிட்டு இரண்டாவது கிண்ணத்தை எடுத்தார். மாமியார் சாப்பிட்டாள். மாப்பிள்ளையும் சாப்பிட்டார், என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். கிண்ணம் எல்லாம் காலி. பிடித்திருக்கிறது! என் அப்பாவை நான் மனதாரக் கும்பிட்டது வாழ்க்கையில் அந்த ஒரு நிமிஷம்தான்.

சிரிப்பை அடக்க முடியவில்லை. தண்ணீர் மொள்ளுகிற சாக்கில் கிணற்றடிக்குப் போனேன். அங்கே வாளிக்குள் ஒரு காலிப் போத்தல் கிடந்தது. ஜெலி உருகாமல் இருக்க இரவெல்லாம் அதைக் கிணற்றில் இறக்கி வைத்திருக்கிறார் மனிதர். ஒட்டியிருந்த தாள் ஈரத்தில் பாதி உரிந்திருந்தது. படித்தவள் அல்லவா, வாசித்தேன்.

கன்றுக்குட்டியின் கால்களை வேகவைத்து எடுத்தது. நோயாளிகளுக்கு ஏற்றது.

கன்றுக்குட்டி. பசுவின் கன்று. நான் அடிக்காமல் விட்ட ஏழாவது. என் பெயரைச் சொல்லித்தான் அப்பா அதைக் கொடுத்தார், என் பெயரை நம்பித்தான் அவர்கள் தின்றார்கள். சொன்னால் கல்யாணம் போகும், கடை போகும், ஒரு பிள்ளைமார் வீட்டிலும் எங்களுக்குத் தண்ணீர் கிடைக்காது. சொல்லாமல் மறைத்து அந்த வீட்டில் போய் எப்படி வாழ்வது?

"போத்தலை ஏன் அப்படிப் பாக்குறீங்க?"

கை கழுவ வந்த ஜெயராசா பின்னால் நின்றார். எனக்குப் பொய் வரவில்லை. போத்தலை நீட்டினேன். தோட்டத்து ஆபீசில் இங்கிலீஷ் கடிதம் வாசித்தே சம்பளம் வாங்குகிறவர். ஒருமுறை வாசித்தார். இன்னொருமுறை வாசித்தார். கூடத்தில் அவருடைய அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது.

"இதை வேற யாரும் வாசிச்சாங்களா?"

"இல்லைங்க. நான் மட்டும்தான். இப்பத்தான்."

தாளை முழுசாக உரித்தார். பக்கத்தில் குளிக்க வெந்நீர் போடுகிற அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்குள் போட்டார். ஈரத் தாள், புகைந்து புகைந்துதான் பிடித்தது. இரண்டு பேரும் நின்று பார்த்தோம்.

"எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராதுன்னு வச்சுக்குங்க" என்றார்.

"உங்களுக்கு மனசு கஷ்டமா இல்லையா?"

"கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா வேணாம்னு சொல்லிட்டுப் போக நான் வரலைங்க."

அப்போதுதான் கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "எல்லாரும் சாப்பிட்டாச்சு. இனி என் பங்கு!"

அவர் இன்னும் சாப்பிடவில்லை! விருந்தாளிகள் முடித்த பிறகு நிதானமாகச் சாப்பிடுவதற்காகத் தனக்கென்று ஒரு கிண்ணம் வைத்திருந்தார். ஓடினேன். கரண்டி வாய்க்குப் போகிற நேரத்தில் அவர்மேல் போய் விழுந்தேன். கிண்ணம் தரையில் சிதறியது. "கால் தடுக்கிருச்சுப்பா" என்றேன். அப்பா அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

கல்யாணம் நடந்தது. ஒரு வாரம் முன்னால், அடுத்த வீட்டு ஸித்தி ஸுபைதா ஒரு தட்டில் எதையோ மூடிக் கொண்டுவந்தாள். அவள் புருஷன் ஹாஷிம் எங்கள் கடைக்கு எதிரே துணிக்கடை வைத்திருந்தவர்.

"இது கடப்பாசி, மகள். கடல்ல விளையுற பாசி, எந்த உசிரும் இதில இல்ல. காய்ச்சி ஊத்தினா ஜெலி மாதிரியே நிக்கும். செய்யப் பழகிக்க, ஒனக்கு வேண்டி வரும்" என்றாள்.

வேண்டித்தான் வந்தது. என் மாமனாருக்கு அந்தச் சிவப்புப் பண்டம் நாக்கிலேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் கடற்பாசியைக் காய்ச்சி, பீட்ரூட் சாறு விட்டு வைப்பேன். அவர் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மருமகளே. ஆனா அன்னைக்குச் சாப்பிட்டது மாதிரி இல்ல" என்பார். நானும் ஜெயராசாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டோம். அது ஒரு பக்கம். மறுபக்கம் அப்பா. பார்க்கிற இடத்திலெல்லாம், எத்தனை பேர் முன்னாலும், "என் ஜெலியைக் கொட்டினவ" என்று ஆரம்பிப்பார். ஆறு ருசி பார்த்தேன், ஏழாவதை என் மகள் தட்டிவிட்டாள் என்று என் பிள்ளைகளிடமே சொல்வார். பதினைந்து வருஷம்! உங்களைப் பாவத்திலிருந்து காப்பாற்றினேன் ஐயா என்று கத்த வேண்டும் போலிருக்கும். பல்லைக் கடித்துக்கொள்வேன்.

பதுளைக்கு ரயில் வந்த வருஷம் அப்பா இழுப்பு நோயில் படுத்துவிட்டார். மாமனார் புது ரயிலில் ஏறி அவரைப் பார்க்க வந்தார். நான் கடற்பாசி செய்து கொடுத்தேன். அவர் வழக்கமானதைச் சொன்னார். அப்பா வழக்கமானதைச் சொன்னார். பிறகு ஜெயராசா தன் அப்பாவை அழைத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

அப்பா மெதுவாக, "அந்தப் பட்டியலை எடு. பென்சிலும் எடு" என்றார்.

தாள் பழுத்துப்போயிருந்தது. மடியில் வைத்துக்கொண்டு, அடிபடாமல் நின்ற ஏழாவதின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"அதுக்குத்தானேப்பா இத்தனை வருஷமா ஏங்கினீங்க. ஏன் அடிக்கிறீங்க?"

"மாமிசம்னா அடிக்கிறதுன்னுதானே நாம வச்சிருந்தோம்?"

மாமனார் காதில் விழுந்ததோ என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"வண்டியில ரெண்டு போத்தல் வந்துச்சு. நீ கொட்டினியேன்னு அன்னைக்குச் சாயங்காலம் மத்ததை எடுத்தேன். கால் தடுக்கி விழுறவ கிண்ணத்தைப் பாத்துக்கிட்டா ஓடி வருவா? சந்தேகம் வந்துச்சு. இங்கிலீஷ் தெரிஞ்ச ஹாஷிம்கிட்ட வாசிக்கக் குடுத்தேன். பாவம், அந்த மனுசன் கன்னுக்குட்டிக் காலுன்னு வாசிச்சுச் சொன்னார். போத்தலை அவரே கொண்டுபோய்ப் புதைச்சார்."

அப்படியென்றால் ஸுபைதா கொண்டுவந்த தட்டு? வேண்டி வரும் என்று அவள் சொன்னது? பதினைந்து வருஷமாக நான் ஒரு மடச்சி.

"தெரிஞ்சுகிட்டேவா என்னை ஊர் முன்னால ஏசினீங்க? ஒரு வருஷமா ரெண்டு வருஷமா?" கோபத்தில் எனக்கு அழுகையும் சேர்ந்து வந்தது.

"ஏசாம என்ன பண்றது? உலகத்துப் பண்டத்துக்கெல்லாம் அலையுற கதிர்காமநாதன், இதை மட்டும் அப்புறம் வாங்கவே இல்ல, பேச்சே எடுக்கலன்னா உன் மாமனார் யோசிக்கமாட்டாரா? விசாரிக்கமாட்டாரா?" இழுப்பு வந்தது. நெஞ்சைத் தடவிவிட்டேன். "நான் ஏங்குற வரைக்கும் அது நல்ல பண்டம், பரிமளம்."

என்ன மனிதர் இவர்! இந்தப் புத்தியில் கால்வாசி சீஸ் டின்னைத் திறக்கும்போது இருந்திருக்கக்கூடாதா? அவர் கையைப் பிடித்துக்கொண்டு திட்டலாம் என்று வாயைத் திறந்தேன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமனார் உள்ளே வந்துகொண்டிருந்தார். அப்பா அவசரமாகப் பட்டியலைத் தலையணைக்கு அடியில் சொருகிவிட்டு, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டிக் குரல் எடுத்தார்.

"பாத்தீங்களா சம்பந்தி, கடைசிவரைக்கும் எனக்கு அந்த ஜெலி குடுத்து வைக்கல. எல்லாம் இவ கொட்டினதாலதான்!"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாங்க மாமா, நான்தான் கொட்டினேன்" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனேன்.