எழும்பி நின்ற பதினொரு தொட்டிகள்

எடைமேடைக்காரரின் மனைவி இறந்து மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவர் வீட்டு முற்றத்தில் இருந்த நாற்பத்தொரு செடித்தொட்டிகளில் பதினொன்று தரையை விட்டு எழும்பி நாலரை அடி உயரத்தில் நின்றன. காற்றில்லை. ஆடவும் இல்லை. அரளி நடுவில், பனை மாதிரி ஓலை விட்ட சைகஸ் அதற்கு இடப்பக்கம், மற்றவை பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி ஒன்றையொன்று பார்க்காமல்.

தொட்டிகள் அந்த அம்மாவுடையவை. அலுவலகங்களுக்கு அழகுச் செடிகளை வாடகைக்குக் கொடுப்பது அவர் தொழில். ஏசி அறையில் ஒரு வாரம் நின்று சோர்ந்த செடி அடுத்த வாரம் முற்றத்துக்கு வந்து வெயில் காயும். தேறிய செடி அதன் இடத்துக்குப் போகும். அப்படித் தொட்டிகள் திரும்பி வந்த ஆட்டோவில் ஒருமுறை நாய்க்குட்டி ஒன்றும் வந்து இறங்கியது. ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் மேற்பார்வை பார்த்ததால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வந்தது. எதையும் வாயில் வைத்துப் பார்ப்பது மேனேஜரின் குணம். அது வந்த அன்றே அந்த அம்மா சில தொட்டிகளைத் தூக்கி இரும்பு அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். ஏனென்று அவர் சொல்லவில்லை, கணவரும் கேட்கவில்லை. லாரிகளை எடை போடுகிறவருக்குச் செடி என்றால் பச்சையாக இருக்கும், அவ்வளவுதான்.

மனைவி போனபின் தண்ணீர் ஊற்றுவது அவர் தலையில் விழுந்தது. தோள்வலி வேறு. மேல்தட்டில் இருந்த பதினொன்றையும் இறக்கி, உயர வரிசைப்படி தரையில் நிறுத்தினார். துணைக்கு வந்து தங்கியிருந்த மச்சினி, “அக்கா காரணம் இல்லாமலா மேல வெச்சிருப்பா, மாமா?” என்றாள். “உங்கக்கா என்னைவிட உயரம். அதான் காரணம்,” என்றார். மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

தெரு இரண்டு நாள் வேடிக்கை பார்த்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரர், “நல்லதாப் போச்சு, இனிமே அடியிலயும் பெருக்கலாம்,” என்றார். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து டேப் பிடித்து அளந்து, தரையை ஆக்கிரமிக்காத பொருள் தம் பிரிவில் வராது என்று எழுதிக்கொண்டு போனார். எடைமேடைக்காரர் அரளியை வேலையிடத்துக்கு எடுத்துப் போய்த் தராசில் வைத்தார். இருபது கிலோ. அங்கே சாதுவாக உட்கார்ந்திருந்த தொட்டி, வீட்டு கேட்டைத் தாண்டியதும் கையை விட்டு எழும்பியது. முப்பது வருஷம் எந்தக் கனமும் அவரை ஏமாற்றியதில்லை. அதனால் இதைச் சொந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். லாரிக் கயிறு வாங்கி வந்து பதினொன்றையும் கீழே இழுத்து, முளை அடித்துக் கட்டிப் போட்டார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் ஒரு செடியைக் கடித்துத் தின்றது. மதியத்துக்குள் நாலு தடவை வாந்தி, பின்னங்கால்கள் மடங்கின. முப்பது கிலோ நாயை அவரே தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினார். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, செடி ஆட்டோ வரும் நேரத்துக்கு, அந்த நாய் கேட்டருகே போய் உட்காரும். அவரும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். அதுவும் போய்விட்டால் அவரோடு சேர்ந்து காத்திருக்க வீட்டில் ஆளில்லை.

“என்ன செடி தின்னுச்சு?” என்றார் மருத்துவர்.

“பச்சையா இருந்துச்சு டாக்டர்.”

“சார், விளையாடாதீங்க. கல்லீரல் போயிரும்.”

மருத்துவர் போனில் மச்சினியைப் பிடித்து முற்றத்தில் நிற்கச் சொன்னார். நாய்க்கு ஆகாத செடிகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“அரளி இருக்கா?”

“இருக்கு. கட்டிப் போட்டிருக்கு.”

“டிஃபன்பேக்கியா?”

“அதுவும் கட்டிப் போட்டிருக்கு.”

“சைகஸ்?”

“கட்டுன கயிறு இருக்கு. செடியில பாதிதான் இருக்கு, டாக்டர். அடித்தண்டைக் கடிச்சு வெச்சிருக்கு.”

“கட்டாத செடி என்னென்ன?”

“அரிக்கா பனை, பெரணி, அப்புறம் இந்த வரி வரியா இலை உள்ளது…”

“அதெல்லாம் ஒண்ணும் செய்யாதும்மா,” என்று மருத்துவர் போனை வைத்துவிட்டு ஊசியை எடுத்தார்.

எடைமேடைக்காரர் நாய்க்கு டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்கு வந்து பதினொரு கயிறுகளையும் அறுத்தார். பாதி சைகஸ் உட்பட எல்லாம் பழைய உயரத்துக்குப் போயின. கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மேனேஜர் ஆறாம் நாள் நடந்தே வீட்டுக்கு வந்தது. அதன்பின் மருந்துச் சாப்பாட்டில் ஒன்பது வருஷம் இருந்தது. அந்த ஒன்பது வருஷமும் தெருவில் யார் புதுச்செடி வாங்கினாலும், முதலில் ஒருநாள் எடைமேடைக்காரர் முற்றத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். தரையில் நின்றால் வீட்டுக்கு. எழும்பினால் மாடிக்கோ, கம்பிவலைக்கு அந்தப் பக்கமோ, கடைக்கே திரும்பவோ. மருத்துவரும் ஒரு தொட்டியோடு வந்தார். எழும்பியதைப் பார்த்து, “என் பட்டியல்ல இது இல்லையே,” என்று பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

வயதாகி, ஒரு மதியம், தொட்டிகளின் நிழலில் படுத்தபடியே மேனேஜர் இறந்தது. சாயங்காலத்துக்குள் பதினொரு தொட்டிகளும் மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தன. இப்போது கையை உயர்த்தாமலே தண்ணீர் ஊற்றலாம். எடைமேடைக்காரர் ஆறு நாள் அப்படி ஊற்றினார். ஏழாம் நாள் காலை யாரிடமும் சொல்லாமல் போய், சட்டைக்குள் ஒரு குட்டியை வைத்துக்கொண்டு திரும்பினார். கேட்டைத் திறந்து அதைத் தரையில் விடுவதற்குள் பதினொன்றும் எழும்பிவிட்டன. குட்டி சின்னது, அதனால் இரண்டடிதான். மாதம் ஓரிரு அங்குலம் ஏறும் என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தார். அப்புறம் தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில், தச்சரிடம் ஒரு ஏணிக்குச் சொல்லிவிடும்படி தையல்காரரிடம் சொன்னார்.