தடை பூச்சியம் என்று கொள்க

தேயிலைத் தோட்டத்தில் ஆறு காம்பரா வீடுகள் ஒட்டி நின்ற லயத்துக்கு மீட்டர் ஒன்றே ஒன்று. அது முதல் காம்பராவில், ரெங்கசாமியின் கதவுக்கு மேலே இருந்தது. கங்காணி பரம்பரை என்பதால் அவருக்கு முதல் காம்பரா. முதல் காம்பரா என்பதால் மீட்டர். அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு ஒரு மெல்லிய வயர், அந்த வீட்டிலிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு இன்னொன்று என்று கூரையோரமாகவே நகர்ந்து, ஐந்தாவது வீட்டு றோசாலியிடம் வந்து சேரும்போது கரண்டுக்கு மூச்சு வாங்கியது. ஆறாவது காம்பரா காலியாகக் கிடந்தது.

றோசாலி பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு மாலையில் தைப்பாள். பண்டாரவளைக் கடையொன்று அறுபது பள்ளிச் சீருடைகளைத் தைக்கக் கொடுத்திருந்தது. ஜனவரியில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடித்தால் தொடர்ந்து வேலை தருவார்கள். கூடை சுமப்பதை விட்டுவிடலாம். ஆனால் அவள் மெஷினில் உட்காரும் நேரத்தில்தான் லயமே வீடு திரும்பிக் தேத்தண்ணிக்குக் கரண்டுக் கேத்தலைப் போடும். மோட்டர் உறுமும், சூடேறும், ஊசி மட்டும் அசையாது.

காரணத்தைத் தெரிந்துகொள்ளவே ஞாயிறு பூசையைக்கூட விட்டுவிட்டுப் பதுளையில் மின்னியல் வகுப்புக்குப் போனாள். சமாந்தரமாக, அதாவது பக்க இணைப்பாகத் தொடுத்தால் எல்லா வீட்டுக்கும் ஒரே வோல்ற்றளவு என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். வயரின் தடையைப் பூச்சியம் என்று கொள்ளச் சொன்னது புத்தகம். வயருக்கும் தடை உண்டு, கடைசி வீட்டுக்குக் குறைவாகத்தான் போகும் என்று பரீட்சையில் எழுதினாள் றோசாலி. வாத்தியார் அதைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டார். புத்தகம் எழுதினவர் எந்த லயத்திலும் குடியிருந்ததில்லை போலிருக்கிறது.

அவள் விடவில்லை. ஒரு மல்டிமீட்டர் வாங்கிவந்து எல்லார் முன்னாலும் அளந்து காட்டினாள். முதல் வீட்டில் இருநூற்று இருபத்தாறு வோல்ற்று, தன் வீட்டில் நூற்று எழுபத்து நான்கு.

ரெங்கசாமியின் முகம் கடுகடுத்தது. "நான் எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் குடுக்கிறேன். இந்தப் பொட்டியிலதான் புள்ள கோளாறு. எங்க வீட்டுல சரியா காட்டுது, ஒங்க வீட்டுக்குப் போனா தப்பா காட்டுது."

லயமே அவர் பக்கம் தலையாட்டியது. தையல் மெஷின்தான் எல்லார் கரண்டையும் உறிஞ்சுகிறது என்று புதுப்பேச்சு வேறு கிளம்பியது. றோசாலிக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. அறுபதில் பதினொன்றோடு தையல் நின்றுபோயிருந்தது.

கார்த்திகையில் ரெங்கசாமியின் மகன் ரமேசுக்குக் கல்யாணமானது. தோட்ட நிர்வாகத்திடம் பேசி, காலியாகக் கிடந்த ஆறாவது காம்பராவை வாங்கிக்கொடுத்தார். சீராக வந்த பிரிஜ்ஜும் அங்கேதான் இறங்கி, றோசாலி வீட்டிலிருந்து நீட்டிய வயரில் ஓடியது. அதுவும் மாலையானால் உறுமியது, சூடேறியது, குளிர மட்டும் மறுத்தது. மருமகள் வைத்த கோழியிறைச்சி இரண்டே நாளில் நாறிப்போனது.

எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுத்துவந்த மனிதர், மல்டிமீட்டரோடு வரச்சொல்லி றோசாலிக்கு ஆளனுப்பினார். ஆறாவது வீட்டில் நூற்று அறுபத்தொன்பது. இந்தமுறை பொட்டியில் கோளாறு என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாளே, தடை குறைய அவள் சொன்ன தடிப்பில் பதுளைக் கடைவீதியிலிருந்து வயர் வந்திறங்கியது. மீட்டரிலிருந்து பிரிஜ்ஜுக்கு மட்டும் நேராக இழுத்துவிடச் சொன்னார் ரெங்கசாமி. பழைய வயரில் மூட்டுக்கு மூட்டு டேப் சுற்றிக் கிடக்கிறது, அதை விட்டுவைத்தால் என்றைக்காவது தீப்பிடிக்கும், கழற்றிவிட்டு எல்லா வீட்டையும் புதியதிலேயே தொடுப்பதுதான் சரி என்றாள் அவள். அது சத்தியமான பேச்சுதான். ஆனால் அவள் மனதில் ஓடியது சீருடைக் கணக்கு.

அவர் தாடையைச் சொறிந்தார். "நடுவுல எல்லா வீட்டுக்கும் குடுத்தா, கடைசிக்கு வர்றப்ப கொறஞ்சிறாதா?"

இந்த ஒரு கேள்விக்காக அவள் எத்தனை மாதம் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறாள். வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு, உள்ளே போய் வகுப்புப் புத்தகத்தை எடுத்துவந்து விரித்தாள்.

"வயரோட தடை பூச்சியம்னு போட்டிருக்கு மாமா. எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரித்தான் போகும்."

"அதத்தானே நானும் அன்னைக்கே சொன்னேன்" என்றார் ரெங்கசாமி.

ஆமாங்க மாமா என்று சொல்லிவிட்டு மீட்டரடி மெயின் சுவிட்சை அணைத்து, ஏணியில் ஏறினாள் றோசாலி. அன்று மாலை லயத்துக் கேத்தல்கள் எல்லாம் கொதித்துக்கொண்டிருக்க, பன்னிரண்டாவது சீருடையின் தோள் தையலில் ஊசி நிற்காமல் ஓடியது.