பொட்டுக்கு அடியில் ஒரு கிழிசல்

ஒரகடத்தில் அந்தக் கம்பெனியில் ஆயுத பூஜைக்குக் கிரேனைக் காலியாக விடமாட்டார்கள். கொக்கி வெறுமனே தொங்கினால் வருஷம் முழுக்க ஆர்டர் வராதாம். யார் கண்டுபிடித்த சாஸ்திரமோ! அதனால் ஒரு கனத்த இரும்பு அச்சைப் பாலியஸ்டர் பெல்ட்டில் கட்டி, ஆள் உயரத்துக்குத் தூக்கி மாலை போட்டுவிடுவார்கள். விடுமுறை முடிந்து மறுபூஜை ஆகும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது.

"ரஞ்சனா மேடம், உங்க கையால பொட்டு வெச்சுடுங்க" என்றார் சூப்பர்வைசர் சுப்பராயன்.

ரஞ்சனா அங்கே பாதுகாப்பு இன்ஜினியர். சந்தனக் கிண்ணத்தோடு கிட்டே போனவள் கண்ணில் அது பட்டது. பெல்ட்டின் ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல். சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மணி அடித்துக் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். எல்லாரும் கண்மூடிக் கும்பிடும் நேரத்தில் 'அறுந்திருக்கு' என்று சொல்வதா? கிழிசல் மேலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்துவிட்டு வந்தாள். பொட்டு என்னவோ அழகாகத்தான் இருந்தது.

இரண்டு மடங்கு எடை கட்டி அவளே சோதித்த பெல்ட் அது. ஆனால் சோதனை நடந்தது சில நிமிஷம்தான். இந்த அச்சோ நாள்கணக்கில் தொங்கப்போகிறது. குன்றத்தூர் வீட்டில் சுண்டல் தின்னும்போது படித்த படிப்பு தொண்டையில் சிக்கியது. கிழிசலின் முனையில் இருக்கும் இழைக்குத்தான் பாரம் அதிகம். அது அறுந்தால் அதன் பாரம் பக்கத்து இழையின் தலையில் விழும். அதுவும் தாங்கித் தாங்கிப் பார்த்துவிட்டு ஒரு நேரம் அறும். முதலில் ஒவ்வொன்றாக, சத்தமே இல்லாமல். கடைசியில் மிச்சம் எல்லாம் ஒரே நொடியில். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே எறும்புகூட வேண்டாம், பாரம் சும்மா தொங்கினாலே போதும்.

சுப்பராயனுக்குப் போன் போட்டாள். "சார், அந்த லோடைக் கீழ இறக்கிடலாமா?"

"இன்னா மேடம், பூஜை போட்ட கிரேனை நடுவுல தொடுறதா? எதுனா பிராப்ளமா?"

கிழிசல் என்றால், 'அப்பவே ஏன் சொல்லல' என்பார். "ஒண்ணுமில்ல சார், சும்மாதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டாள். பாழாய்ப்போன கூச்சம்!

வேலை தொடங்கும் நாளில் முதல் ஆளாகப் போய் இறக்கச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினாள். கம்பெனி பஸ் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. அவள் உள்ளே ஓடியபோது மறுபூஜை முடிந்துவிட்டது. ஃபிட்டர் அறிவுமதி வாடிய மாலையைக் கழற்ற அச்சுக்கு அடியில் நின்றிருந்தான்.

"அறிவு, வெளிய வா!"

என்ன என்பதுபோல் அவன் சிரித்தபடி திரும்பினான். அச்சு விழுந்தது. தூக்கிப் பார்த்தபோது உயிர் இல்லை.

விசாரணை அன்று அறுந்த பெல்ட் மேஜை மேல் கிடந்தது. "கரெக்டா பொட்டுலயே அறுந்துக்கீது பாருங்க. சாமி குத்தம்" என்றார் சுப்பராயன். அச்சைக் கட்டியவன் அறிவுமதிதான், தப்பாகக் கட்டிவிட்டான் என்று முடித்துவிடலாம் என்றார் மேனேஜர். ரஞ்சனா பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுந்த வாயின் ஓரத்தில் இழைகளுக்குள்ளேயே குங்குமம் இறங்கியிருந்தது.

"அவன் ஒழுங்காத்தான் கட்டினான் சார். பொட்டு வெக்கும்போதே கிழிசல் இருந்துது. நான் பார்த்தேன்."

அன்று மாலையே சுங்குவார்சத்திரத்தில் அறிவுமதியின் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி காவேரியின் எதிரில் உட்கார்ந்து, மணி அடித்ததையும் வாயை மூடிக்கொண்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். வேறு யார் வாயிலிருந்தும் அவள் இதைக் கேட்கக் கூடாது.

காவேரி அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"அப்போ சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்? அபசகுனமா பேசறியேன்னு திட்டியிருப்பாங்க. அவ்ளோதானேக்கா?"