வின்சன்ற் பூசிய மினுக்கம்

கொழும்புத்துறை வின்சன்ற் தன் கையால் செய்த பெரிய விளையாட்டு விமானத்தின் பிளாஸ்ரிக் உறையை மண்கடதாசியால் உரஞ்சி மங்கவைத்து, அதன்மேல் தெளிந்த வார்னிஷ் பூசி, முற்றத்தில் காயவைத்தார். உரஞ்சாவிட்டால் பிளாஸ்ரிக்கில் வார்னிஷ் பிடிக்காது. பிடித்தபின் வந்த மினுக்கம் இருக்கிறதே, சூரியனே கண்ணைக் கசக்கியிருப்பான்! விரிந்த இரு செட்டையோ வீட்டு வாசலுக்குள் நுழையாத அகலம்.

அதை ஆசைதீரப் பார்ப்பதற்குள் இராணுவ ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டது.

"இஞ்சேருங்கோ, உதை மூடுங்கோ! மேலையிருந்து பாத்தா உண்மைப் பிளேன் எண்டெல்லோ நினைப்பாங்கள்!" என்று முற்றத்துப் பங்கர்க் குழி வாசலில் நின்று மனைவி யோசப்பின் கத்தினாள்.

"ஈரமப்பா! துணி பட்டால் ஒட்டிப்போடும். என்ரை வேலை எல்லாம் நாசம்!"

"மூடாட்டி நாங்களே நாசம்!"

ஹெலி வளைந்து திரும்பியது. அடுப்படிக்கு ஓடிய வின்சன்ற் சாம்பல் வாளியைத் தூக்கிவந்து, ஈர வார்னிஷின்மேல் தலைகீழாகக் கவிழ்த்தார். மினுக்கம் அந்தக் கணமே செத்தது. இருவரும் பங்கருக்குள் விழுந்தார்கள்.

ஹெலி அவர்களைத் தாண்டி அரியாலைப் பக்கம் போய்ச் சுட்டது. யோசப்பின் சிலுவை போட்டுக்கொண்டாள்.

வார்னிஷ் நன்றாகக் காய்ந்த பிறகும், வின்சன்ற் அந்தச் சாம்பலை உரஞ்சி எடுக்கவில்லை.